ரொட்டி சுட்டவனின் இராணுவ அட்டை

மாஹ்ரோக் சத்தாரிக்குப் பொய் ஆகாது. யாராவது அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "இந்த ஒரு தேதியை மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளிப் போட்டுடுங்களேன்" என்று குழைந்தால், காகிதத்தை அவர்கள் மடியிலேயே திருப்பிப் போட்டுக் கதவைக் காட்டிவிடுவாள். டொராண்டோவை ஒட்டிய ரிச்மண்ட் ஹில்லில், யங் தெருவோரம், ஒரு பல் மருத்துவருக்கும் உலர்பழக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவளுடைய ஓரறை அலுவலகம். எங்கள் ஈரானிய ஜனம் இருபத்தைந்து வருஷமாகப் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணப் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு அங்கேதான் வரிசை கட்டுகிறது. பாரசீகத்தில் இருப்பதை ஆங்கிலத்துக்கு மாற்றி, கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பாள். ஓரத்தில் கிறுக்கியிருந்தால் அந்தக் கிறுக்கலையும் விடமாட்டாள். 'இவ்விடத்தில் தேநீர்க் கறை உள்ளது' என்று ஒரு விவாகரத்துப் பத்திரத்தில் எழுதியவள் அவள். அதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள்.

ஈரானில் ஆணாகப் பிறந்தவன் இரண்டு வருஷம் படையில் கழித்தே தீரவேண்டும். முடித்தவனுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அட்டை இல்லாதவனுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. எந்தப் படையில் சேவை செய்தான் என்று அதில் ஒரு வரி இருக்கும். தரைப்படையா, போலீசா, புரட்சிக் காவல்படையா என்பதைப் பையன் தேர்ந்தெடுப்பதில்லை. மைதானத்தில் மொட்டைத் தலையோடு நிற்க வைத்துப் பெயர் வாசிப்பார்கள். வாசித்த இடத்துக்குப் போகவேண்டியதுதான்.

அந்தக் காவல்படையைத்தான் கனடா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த அன்று யங் தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. மாஹ்ரோக் தன் அலுவலக வாசலில் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பிஸ்தா மிட்டாய் கொடுத்தாள். கொடுக்கும்போதே அழுதாள்.

அழுததற்குக் காரணம் உண்டு. அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது, ஷிராஸில், அவள் தம்பி ஹூமனை அந்தப் படைக்காரர்கள் வீட்டிலிருந்து செருப்பில்லாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். துண்டுப் பிரசுரம் வைத்திருந்தான், அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து அவன் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பையில் போட்டு அம்மாவிடம் நீட்டினார்கள். உடலை எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அம்மா அதே வருஷம் போய்ச் சேர்ந்தாள். மாஹ்ரோக் மலை வழியே துருக்கிக்கு நடந்தாள். அங்காராவில் ஒரு கனடிய அதிகாரி அவளை எதிரே உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். நீ என்ன செய்தாய், உன் தம்பி என்ன செய்தான், யாரைத் தெரியும், ஏன் ஓடிவந்தாய் என்று குடைந்து குடைந்து கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே விட்டார்.

அப்படி வந்தவள், அந்தப் படைக் கமாண்டர்களின் பிள்ளைகள் டொராண்டோவில் வீடு வாங்குவதைப் பார்த்தால் பொறுப்பாளா? பட்டியல் வருவதற்கு முன்பிருந்தே ஞாயிறுதோறும் சதுக்கத்தில் கூட்டம் போட்டோம். 'ஆபத்தான நாட்டிலிருந்து வருகிறவனைச் சல்லடை போட்டுச் சலி' என்று மனு எழுதினோம். எண்ணூறு கையெழுத்து மாஹ்ரோக் தனியாக வாங்கினாள். பனியில் நின்று வாங்கினாள். மனுவின் ஆங்கில வாசகமும் அவள் கைவண்ணம்தான்.

வாசகத்தை இறுதி செய்த அன்று ஓர் இளம் வக்கீல் எழுந்து, "கட்டாய சேவைக்குப் போன சாதாரணப் பசங்களுக்கு இது பொருந்தாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கலாம்" என்றான். சேர்த்தும் விட்டிருந்தான். மாஹ்ரோக் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் கோடு கிழித்தாள்.

"ஒரு ஓட்டை விட்டோம்னா மொத்தக் கும்பலும் அது வழியா புகுந்துடும் தம்பி. நாளைக்கு ஒவ்வொருத்தனும் நான் தோட்டக்காரன், நான் சமையக்காரன்னு வந்து நிப்பான். என் தம்பிய இழுத்துட்டுப் போனவனும் கட்டாய சேவைக்கு வந்தவன்தான். இருபது வயசுகூட இருக்காது."

ஹூமன் பேச்சை எடுத்த பிறகு யார் எதிர்த்துப் பேசுவது? அந்த மனுவைப் படித்துவிட்டுத்தான் அரசு பட்டியல் போட்டது என்று சொல்லமுடியாது. ஆனால் பட்டியல் வந்தபோது அதிலும் அப்படி ஒரு வரி இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். மொழிபெயர்ப்பாளர்களில் கெட்டிக்காரர்கள் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அட்டையை நகல் எடுக்கும்போது படையின் பெயர் உள்ள இடத்தில் கொஞ்சம் மங்கலாக விழச் செய்துவிட்டு, 'இவ்வரி தெளிவாக இல்லை' என்று எழுதிவிடுவார்கள். எதிர்க் கட்டடத்தில் இருக்கும் தொராபி இதில் கில்லாடி. மாஹ்ரோக்கிடம் வந்த அட்டைகளில் மட்டும் அந்த வரி பளிச்சென்று ஆங்கிலத்தில் இறங்கியது.

ஒரு மார்ச் மாதக் காலையில், வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்த நேரத்தில், மொஷ்கான் என்ற பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மாஹ்ரோக்கோடு அதே சதுக்கத்தில் கோஷம் போட்டவள்தான். அவள் புருஷன் பதினெட்டு வருஷத்துக்கு முன் காவல்படை முகாமில் லாரி கழுவியவன். அவன் விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்திருந்தது.

"திருப்தியா, மாஹ்ரோக் கானும்?" என்றாள், கடிதத்தை மேசையில் அறைந்து. "லாரி கழுவினவனைப் பயங்கரவாதி ஆக்கிட்டீங்க. குளிருதா மனசு?"

"நானா ஆக்கினேன்? அட்டைல இருந்ததை எழுதினேன்."

"தொராபிகிட்ட போயிருந்தா ஒரு வரி தெரியலன்னு போட்டிருப்பான். எம் புருஷன் இப்ப வீட்ல இருந்திருப்பான். உங்க கண்ணு மட்டும் ஏன் இவ்வளவு கூரா இருக்கு?"

"அப்ப தொராபிகிட்டயே போயிருக்கணும். இங்க பொய் விக்கிறதில்ல. வாசல் அந்தப் பக்கம்."

மொஷ்கான் போகும்போது திரும்பினாள். "உங்க வீட்டுக்கும் ஒரு நாள் வரும். அப்பவும் இதே வாயால பேசுங்க, கேட்கிறேன்."

அவள் சாபம் விடவில்லை, நடக்கப்போவதைச் சொன்னாள். ஏனென்றால் மாஹ்ரோக்கின் ஒரே மகள் கோல்நூஷ் அதற்கு முந்தைய வருஷம் கல்யாணம் பண்ணிக்கொண்டது தெஹ்ரான் பையன் பூரியாவை. அவன் கட்டடப் பொறியாளன். காதல், கணினித் திரையில் தொடங்கி யெரவானில் கல்யாணமாக முடிந்த காதல். ஆர்மீனியாவுக்கு விசா வேண்டாம் என்பதால் எங்கள் பிள்ளைகளெல்லாம் அங்கேதான் சந்தித்துக்கொள்கிறார்கள், அங்கேதான் மோதிரம் மாற்றுகிறார்கள். குழந்தை டெலாரா டொராண்டோவில் பிறந்தாள். பூரியா அவளை ஒரே ஒரு முறை, யெரவானில் ஒரு விடுதி அறையில், பதினோரு நாள் தூக்கி வைத்திருந்தான். மனைவியும் பிள்ளையும் இங்கே, அவன் அங்கே. அவனை இங்கே வரவழைக்க கோல்நூஷ் விண்ணப்பம் போட்டாள். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

சொந்தக்காரர்களின் காகிதத்தை மாஹ்ரோக் மொழிபெயர்க்கக் கூடாது, விதி அப்படி. அதனால் கோல்நூஷ் எல்லாவற்றையும் தொராபியிடம் கொடுத்தாள். அவன் நகலை எடுத்துக்கொண்டு தானே மாஹ்ரோக்கைத் தேடி வந்தான். இவ்வளவு வருஷத்தில் அவன் அந்த வாசல்படி ஏறியது அன்றைக்குத்தான்.

"கானும், உங்க மாப்பிள்ளையோட சேவை அட்டை" என்றான், குரலைத் தாழ்த்தி. "காவல்படை. கெர்மான் முகாம். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ."

அவளுக்குத் தெரியாது. மகள் சொல்லியிருக்கவில்லை. சொல்ல பயம்.

"எனக்கு ஒரு வரி தெரியல, அவ்வளவுதான்" என்றான் தொராபி. "உங்களுக்காக. காசுகூட வேண்டாம்."

தொராபி போனதும் மாஹ்ரோக் மகளுக்குப் போன் போட்டாள். மகள் பூரியாவையும் இணைப்பில் சேர்த்தாள். மாஹ்ரோக் சலாம்கூடச் சொல்லவில்லை.

"அந்த முகாம்ல என்ன பண்ணினே?"

"ரொட்டி சுட்டேம்மா."

"என்னது?"

"ரொட்டி. காலைல மூணரைக்கு எழுந்து அறுநூறு பேருக்கு மாவு பிசையணும். இருபத்தோரு மாசம். துப்பாக்கிய ரெண்டு மாசப் பயிற்சியில தொட்டதோட சரி. நாங்க வச்ச ரொட்டி கருகுதுன்னு ஒரு தடவை பதினஞ்சு நாள் லீவை வெட்டினாங்க. என் போர் அனுபவம் அவ்வளவுதாம்மா."

கோல்நூஷ் சிரித்துவிட்டாள். மாஹ்ரோக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் முன் செருப்பில்லாத இரண்டு கால்கள்தான் வந்து நின்றன. அதே நேரம், இந்தப் பையன் பிசைந்த மாவுக்கும் அந்தக் கால்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குள்ளேயே ஒன்று சீறியது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"தொராபி அந்த வரிய மறைச்சிடறேங்கிறான்" என்றாள். "நீ என்ன சொல்றே?"

"மறைக்க நான் என்ன திருடினேனா? ரொட்டி சுட்டதை ரொட்டி சுட்டேன்னு சொல்றேன். கேட்கட்டும். எத்தனை மணி நேரம் வேணா கேட்கட்டும், பதில் சொல்றேன்."

"அம்மா" என்றாள் கோல்நூஷ், "இந்த ஒரு தடவை விட்டுடேன். பிளீஸ்மா. டெலாராவுக்கு அப்பா வேணும்."

"பொய்னு கண்டுபிடிச்சா அஞ்சு வருஷம் தடை. அது உனக்குத் தெரியுமா? அவன்தான் தைரியமா சொல்றானே. அவன் ஆம்பிளை. எழுதச் சொல்லு. முழுசா எழுதச் சொல்லு. இங்க இருக்கிறவங்க கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. என்னைக் கேட்கலையா?"

அதை அவள் நம்பித்தான் சொன்னாள். அங்காரா அதிகாரியை நினைத்துக்கொண்டு சொன்னாள். இரண்டு மணி நேரம் ஒரு மனுஷியை எதிரே உட்காரவைத்துக் கேட்ட நாடு, ரொட்டிக்காரனையும் கேட்கும் என்று நம்பினாள். தொராபி தோளைக் குலுக்கிக்கொண்டு முழு வரியையும் எழுதிக் கொடுத்தான்.

யாரும் கேட்கவில்லை. பத்து மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது: நீங்கள் ஒரு பயங்கரவாத அமைப்பின் உறுப்பினராக இருந்ததாகக் கருதுகிறோம், முப்பது நாளுக்குள் பதில் தரவும். பூரியா பதினாலு பக்கம் எழுதினான். முகாமில் ரொட்டிக் கூடத்தில் எடுத்த படத்தை அனுப்பினான், மாவு படிந்த மூஞ்சியோடு. மாஹ்ரோக்கும் எழுதினாள். தன் தம்பி கதையை இதுவரை எந்த அரசுக் காகிதத்திலும் எழுதாதவள் எழுதினாள்: அவர்கள் என் தம்பியைக் கொன்றார்கள், இந்தப் பட்டியலுக்காக எண்ணூறு பேரிடம் கையெழுத்து வாங்கியவள் நான், நானே சொல்கிறேன், இந்தப் பையன் அவர்களில் ஒருவன் இல்லை. பதில் நாலே வரி. சேவை கட்டாயமா இல்லையா என்பது உறுப்பினர் என்ற நிலையை மாற்றாது. நிராகரிக்கப்படுகிறது. வக்கீலிடம் கேட்டதில், அமைச்சருக்கு மனுப் போடலாம், ஏழெட்டு வருஷம் ஆகும் என்றார். அதற்குள் டெலாரா மூன்றாம் வகுப்புப் போய்விடுவாள்.

ஒரு மனிதனை ஒரு தடவை எதிரே உட்காரவைத்துப் பேசக்கூட நேரமில்லாதவர்களுக்கு எதற்கு அலுவலகம், எதற்கு நாற்காலி என்று மாஹ்ரோக் பக்கத்துப் பல் மருத்துவர் அறைச் சுவர் அதிரக் கத்தினாள்.

அந்த வாரம்தான் சதுக்கத்துக் கூட்டத்தில் ஒருத்தி கைபேசியில் ஒரு படம் காட்டினாள். படையில் 'ஹாஜி மெய்சம்' என்று பெயர்போன கமாண்டர், பக்கத்தில் அவர் மகன். அந்த ஆட்களுக்குப் படையில் வழங்கும் பெயர் ஒன்று, அடையாளச் சீட்டில் உள்ள பெயர் வேறொன்று. மகன் முகத்தைப் பார்த்ததும் மாஹ்ரோக் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். கியாராஷ். மூன்று வருஷத்துக்கு முன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவள் அலுவலகத்துக்கு வந்தவன். அவன் காகிதம் முழுவதையும் அவள்தான் மொழிபெயர்த்தாள். அவனிடம் சேவை அட்டை இல்லை; விலக்கு அட்டை இருந்தது. காரணம்: தட்டைப் பாதம். அவன் முதலீட்டாளனாக வந்து, வீடு வாங்கி, வாரம் இரண்டு நாள் உள்ளரங்கில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மிட்டாய்க் கடையில் அவனே எதிர்ப்பட்டான். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தவன், திரும்பிப் பார்த்ததும் கையை மார்பில் வைத்து ஒதுங்கினான்.

"வாங்க கானும், நீங்க முதல்ல. உங்களுக்கு முன்னால நான் நிக்கலாமா?"

"தட்டைப் பாதம் எப்படி இருக்கு?" என்றாள் மாஹ்ரோக், கடை முழுதும் கேட்கும்படி. "பந்து உதைக்கும்போது வலிக்குமே, பாவம்."

அவன் சிரித்தபடியே நின்றான். பெரிய இடத்துப் பிள்ளை, பழக்கப்பட்ட சிரிப்பு.

"உங்க அப்பன் யாருன்னு தெரிஞ்சிருந்தா உன் காகிதத்தை அன்னிக்கே கிழிச்சு உன் வாயில திணிச்சிருப்பேன்."

"அப்பா செஞ்சதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? நான் அந்த உடுப்பை ஒரு நாள்கூடப் போட்டதில்ல. என் காகிதத்துல ஒரு குறை கிடையாது. என் வக்கீலே சொன்னார், இவ்வளவு சுத்தமான கோப்பைப் பார்த்ததில்லைன்னு. எல்லாத்துக்கும் கீழ உங்க கையெழுத்துதானே இருக்கு?" பிறகு கடைக்காரரைப் பார்த்து, "அம்மாவோடதையும் என் கணக்குல போடுங்க" என்றான்.

அவள் மிட்டாய்ப் பெட்டியை அவன் காலடியில் வீசிவிட்டு வெளியே வந்தாள். அப்பன் செய்ததை மகன் தலையில் கட்டக்கூடாது என்பது நியாயம்தான். பூரியாவுக்காக அவள் எழுதிய கடிதத்தில் இருந்ததும் அதே நியாயம்தான். எவன் செய்தானோ அவனைக் கேள் என்றுதானே எழுதினாள்? அந்த நியாயம் இவனுக்குக் கிடைத்திருக்கிறது, ரொட்டிக்காரனுக்குக் கிடைக்கவில்லை. சல்லடை போடு என்று கத்தியவள் அவள். போட்டார்கள். அப்பன் பலம் உள்ளவனிடம் சேவை அட்டையே இல்லை, சலிக்க என்ன இருக்கிறது? அவன் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். அப்பன் பலம் இல்லாததால் மைதானத்தில் மொட்டைத் தலையோடு நின்றவன் மாட்டிக்கொண்டான்.

எல்லைக் காவல் அலுவலகத்துக்குப் போன் பண்ணி கியாராஷ் பெயரைச் சொன்னாள். வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்வது அவள் தொழிலில் பெருங்குற்றம், உரிமமே போகும். போகட்டும் என்றுதான் சொன்னாள். மறுமுனையில் ஒரு பெண் குறித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது கோல்நூஷ் குழந்தைத் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க?" என்றாள் மாஹ்ரோக், தெரிந்தே.

"தெஹ்ரான். துருக்கில தங்க அனுமதி தரமாட்டேங்கிறான். யெரவான்ல அவனுக்கு வேலை இல்ல. இன்னும் ஏழு வருஷம் திரையில முத்தம் குடுத்துட்டு இருக்க என்னால முடியாதும்மா."

"அந்த நாட்டுக்கா? நான் மலை ஏறி ஓடிவந்த நாட்டுக்கா? தலைல துணி போட்டுட்டு, அவனுங்க முன்னாடி குனிஞ்சுட்டு... பைத்தியமா உனக்கு?"

"அவனை இங்க விடமாட்டேங்கிறாங்களே! நான் வேற என்ன பண்ண?" கோல்நூஷ் கையிலிருந்த சட்டையைப் பெட்டிக்குள் எறிந்தாள். "அந்த வக்கீல் ஒரு வரி எழுதியிருந்தானாமே. கட்டாய சேவைக்காரங்களை விட்டுடணும்னு. மொஷ்கான் சொன்னா. நீதான் கோடு கிழிச்சியாம். நிஜமா?"

மாஹ்ரோக்குக்குப் பொய் ஆகாது என்றேனே. "நிஜம்" என்றாள். தொராபி மறைக்கிறேன் என்ற வரியை மறைக்காதே என்றது சரி. அதில் அவளுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த இன்னொரு வரியை அடித்தது அவள் பேனாதான். ஹூமன் பெயரைச் சொல்லித் தப்பிக்கவும் மனசு வரவில்லை.

விமான நிலையத்தில் பெட்டிகளை ஒப்படைத்த பிறகு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கோல்நூஷ் கைபேசியை எடுத்தாள்.

"உன் படமெல்லாம் அழிக்கணும்மா. அங்க இறங்கினதும் போனைப் பிடுங்கிப் பார்க்கிறாங்களாம். போன மாசம் ஷிராஸ்ல சித்தியக் கூப்பிட்டு உன்னைப் பத்திக் கேட்டிருக்காங்க. உங்க அக்கா வந்தா நாங்களே வந்து வரவேற்போம்னு சொன்னாங்களாம்."

"தெரியும். அழி."

ஒவ்வொன்றாக வந்தது. சதுக்கத்தில் ஒலிபெருக்கியோடு மாஹ்ரோக். பனியில் கையெழுத்து வாங்கும் மாஹ்ரோக். ஹூமன் படத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் மாஹ்ரோக். கோல்நூஷ் அழித்துக்கொண்டே வந்தாள். டெலாரா பாட்டி மடியில் உட்கார்ந்து தன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு படத்தில் விரல் நின்றது. பிரசவ வார்டு. அரை மணி நேரத்துக்கு முன் பிறந்த டெலாராவை மாஹ்ரோக் கையில் வைத்திருக்கிறாள். தலை கலைந்து, வாய் திறந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகம்.

"இது இருக்கட்டும்மா. இதுல பதாகை இல்ல, ஒண்ணும் இல்ல. நீயும் குழந்தையும்தான்."

"என் மூஞ்சி இருக்கில்ல?"

"ஒரே ஒரு படம்மா."

"என் மூஞ்சி அவனுங்களுக்குத் தெரியும்டி. குழந்தையோட உன்னைப் பிடிச்சு வச்சுக் கேள்வி கேட்பானுங்க. அழி."

கோல்நூஷால் முடியவில்லை. மாஹ்ரோக் கைபேசியை வாங்கிக்கொண்டு, பேத்தியைத் தோளில் சரித்துப் பிடித்தபடி, தானே அழுத்தி அழித்தாள். பிறகு கீழே விழுந்திருந்த சாக்ஸைப் பொறுக்கிக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள்.